ஓடுகளுக்கு இடையே

வீடு கட்டியவர்கள் தரை ஓடுகளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். நிறம், பளபளப்பு, ஈரத்தில் வழுக்குமா, சதுர அடி என்ன விலை, எந்தக் கடையில் எத்தனை பெட்டி தள்ளுபடி என்று அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும். அந்த ஓடுகளுக்கு நடுவே ஓடும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கோட்டைப் பற்றி யாரும் ஆர்வமாகப் பேசி நான் கேட்டதில்லை. அது வெளுப்பாக இருக்கும்வரை கண்ணுக்குத் தெரிவதே இல்லை. கறுத்த பிறகுதான் அதற்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது.

எங்கள் வீட்டில் அதற்கு நான்கு பெயர்கள் வழங்குகின்றன. ஓடு பதித்த மேஸ்திரி ‘ஜாயிண்ட்’ என்பார். கடைக்காரர் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து ‘கிரவுட்’ என்பார். என் மாமியாருக்கு அது ‘கோடு’. “கோடெல்லாம் கருப்படிச்சுக் கெடக்கு பாரு” என்பார். வீட்டு வேலைக்கு வரும் அக்கா ‘சந்து’ என்கிறார். (நடுவில் ஒன்று சொல்ல வேண்டும்: ‘ஓடு’ என்று நான் எழுதுகிறேனே தவிர, பேச்சில் அப்படிச் சொன்னால் கூரை ஓட்டைத்தான் நினைத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் ‘ஒரு டைல்ஸ்’ என்பதே ஒருமை, பன்மையும் டைல்ஸ்தான்.) இந்த நான்கில் அக்காவின் சொல்லே எனக்கு நெருக்கமாக இருக்கிறது. சந்தும் சந்தியும் உறவுள்ள சொற்கள். தெருக்கள் கூடும் இடம் சந்தி. எழுத்துகள் கூடும் இடமும் சந்தி. எழுத்துகள் கூடும் இடத்தில் நிற்பதுதான் 18 ஆண்டுகளாக என் பிழைப்பு.

முதலாண்டு மாணவர்களுக்கு நன்னூலின் உயிரீற்றுப் புணரியல் நடத்தும்போது உடம்படுமெய் என்ற இடத்தில் எப்போதும் ஒரு சின்னத் தேக்கம் ஏற்படும். மணி, அடித்தது என்ற இரண்டு சொற்களும் சேரும்போது மணியடித்தது என்று ஒரு யகரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மா, இலை என்றால் மாவிலை. அங்கே ஒரு வகரம். “இந்த எழுத்து யாருடையது ஐயா, முதல் சொல்லுடையதா, இரண்டாவதா?” என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்பார், நான் பெண் என்பதை மறந்து ‘ஐயா’ என்று கேட்டவர்களும் உண்டு. அது இருவருடையதும் அல்ல. இரண்டு உயிர்கள் நேருக்கு நேர் வந்து நிற்கும்போது நாக்கு தடுக்குகிறது. அந்தத் தடுக்கலை நீக்கி இரண்டையும் உடன்படுத்துவதற்காக வந்தது. தனக்கென்று பொருள் இல்லை. அது இல்லாவிட்டால் சொல் உடைந்து ஒலிக்கும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே அடைக்கிற அந்தக் கலவையை இதைவிடச் சரியாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

நம் இலக்கியம் பெரும்பாலும் இடைவெளி இல்லாமையைத்தான் புகழ்கிறது. நெடுநல்வாடையில் அரண்மனை வாயிலின் கதவைக் கைத்திறன் மிக்க கம்மியன் சிறிதும் புரை இல்லாதபடி முடுக்கிப் பொருத்தியிருக்கிறான். புரை என்றால் துளை, இடைவெளி. குற்றம் என்றும் பொருள். இடைவெளியையே குற்றமாகக் கண்ட மொழி நம்முடையது. வீட்டுக்கு ஓடு பதிக்க வருபவர்களிடமும் நாம் அதையேதான் கேட்கிறோம்: “சந்து தெரியாம நெருக்கிப் போடுங்க மேஸ்திரி.” மேஸ்திரியும் வாடிக்கையாளரின் மனம் கோணாமல் நெருக்கிப் போட்டுவிடுகிறார்.

ஆனால் களிமண்ணைச் சுட்டுச் செய்த ஓடு ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. பல ஆண்டுகளில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மிகச் சிறிதளவு வீங்குகிறது. வெயிலில் விரிகிறது. அதற்கு அடியில் உள்ள கான்கிரீட் தளமோ காயக் காயச் சுருங்குகிறது. ஒரே பெட்டியில் உள்ள ஓடுகள்கூட நூலளவு கூடக்குறைய இருக்கும். சந்து விடாமல் பதித்தால் இத்தனை நெருக்கடியும் போக இடமில்லாமல் ஒருநாள் இரண்டு ஓடுகள் தோளோடு தோள் இடித்துக் கூடாரம் போல மேலே எழுந்துவிடும். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கூடத்தில் நள்ளிரவில் இப்படி நடந்தது. வெடிச்சத்தம் கேட்டுத் திருடன் என்று நினைத்து விளக்கைப் போட்டார்களாம். நடுக்கூடத்தில் நான்கு ஓடுகள் வீடு கட்டி நின்றன. சந்து என்பது அழகுக் குறைவு அல்ல, தரை மூச்சு விடுவதற்கான இடம் என்று அந்த மேஸ்திரி பிறகு சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பிறகு சொன்னதுதான் வருத்தம்.

ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய வீடுகளில் சந்து தெரிவதில்லையே என்று கேட்கலாம். அது வேறு சாதி. கண்ணாடித் தட்டின் மேல் உலோக அச்சை வைத்து, நிறக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையைப் பார்த்ததே இல்லை அது. காலடி பட்டுப் பட்டு மெருகேறும். அதற்கு முந்தைய தலைமுறையின் சிவப்புச் சிமெண்ட் தரையில் சந்து என்ற பேச்சே இல்லை. அறை முழுவதும் ஒரே வழவழப்பு, பிறகு ஆண்டுக்கு ஒரு விரிசல். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரிகளில் வந்திறங்கும் ஓடுகள் சிற்றூர் வரை பரவிய பிறகுதான் நம் வீடுகளுக்குள் இந்தக் கட்டம்போட்ட நோட்டுப் புத்தகம் வந்தது. கட்டங்களுக்குள் எழுதுவது ஒருவர், கோடுகளை அழிக்கிற வேலை இன்னொருவருக்கு.

எங்கள் வீடு 2006இல் கட்டியது. அப்போது சந்துகளை அடைத்த முறையை நான் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். வெள்ளைச் சிமெண்டைத் தண்ணீரில் மோர் போலக் கரைத்துத் தரை முழுவதும் ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் இப்படியும் அப்படியும் தள்ளி, அது கொஞ்சம் இறுகியதும் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, கடைசியில் மரத்தூளைத் தூவித் தேய்த்தார்கள். அரை நாளில் ஐந்து அறைகள் முடிந்தன. பார்ப்பதற்குப் பால் வார்த்தது போல் இருந்தது. மோர் போலக் கரைத்த சிமெண்டில் சிமெண்டைவிடத் தண்ணீர் அதிகம். அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போன இடங்களெல்லாம் நுண்துளைகளாக நிற்கும். சோப்பு, எண்ணெய், மஞ்சள், போர் தண்ணீரின் உப்பு எல்லாவற்றுக்கும் அவை குடியிருப்பு.

முறையாகச் செய்தால் அது வேறு வேலை. ஓடு ஒட்டிய கலவை இறுக ஒரு நாளாவது விட வேண்டும். சந்துக்குள் வழிந்து நிற்கும் கலவையைச் சுரண்டித் தூசு தட்ட வேண்டும். 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும் சந்துக்கு மணல் சேராத மாவு. அதற்கு மேல் அகலமென்றால் மணல் சேர்ந்தது, இல்லாவிட்டால் காயும்போது வெடிக்கும். கலவை இட்லி மாவைவிடக் கெட்டியாக, சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக இருக்க வேண்டும். கலந்தபின் பத்து நிமிடம் அப்படியே வைத்து மறுபடியும் கிளற வேண்டும். இறுகத் தொடங்கிய பிறகு தண்ணீர் ஊற்றி இளக்கவே கூடாது. ரப்பர் கட்டையால் சந்துக்குக் குறுக்காக, சாய்வாக இழுத்து அழுத்த வேண்டும். சந்தின் போக்கிலேயே இழுத்தால் கட்டையின் விளிம்பு உள்ளே இறங்கி, வைத்ததைத் தோண்டி எடுத்துவிடும். பிறகு நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைப்பது. இங்கேதான் பெரும்பாலான வேலை கெடுகிறது என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். சொட்டச் சொட்ட ஈரமான ஸ்பாஞ்சு மேற்பரப்பின் சிமெண்டைக் கரைத்து நிறத்தை வெளிறச் செய்துவிடும். சுவரும் தரையும் சந்திக்கும் மூலையில் கிரவுட்டே போடக் கூடாது. அங்கே இரண்டு தளங்களும் வெவ்வேறாக அசைகின்றன, நெகிழ்ந்து கொடுக்கும் சிலிகான்தான் நிற்கும். இதெல்லாம் 49 அடி நீளச் சந்துக்காக நான் கற்றுக்கொண்டது. எங்கள் குளியலறைத் தரை 6க்கு 5 அடி. ஓரடி ஓடுகள் 30. உள்ளே ஓடும் சந்துகளைக் கூட்டினால் 49 அடி வரும். அந்த 49 அடிதான் இனிச் சொல்லப்போவதற்குக் களம்.

இந்த ஊரில் நிலத்தடி நீர் உப்பு. குழாயடியில் வெள்ளைப் படிவம், சந்துகளில் கரும்பூசணம் என்று இரண்டு நிறத்தில் அழுக்கு சேரும். எங்கள் பகுதியில் எல்லா வீட்டிலும் இதற்கு ஒரே மருந்து: ‘பாத்ரூம் ஆசிட்’. மஞ்சள் நிறத்தில் பாட்டிலில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அந்த மஞ்சள் பெரும்பாலும் இரும்புக் கலப்பினால் வருவது. 2013இல் உச்ச நீதிமன்றம் அமிலங்களின் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. அதற்குக் காரணமானவை வேறு, மிகக் கொடியவை. ஆனாலும் குளியலறைச் சரக்கு என்ற பெயரில் அது தெருமுனைகளில் கிடைத்துக்கொண்டேதான் இருந்தது.

அமிலம் ஊற்றியதும் தரை சுர்ரென்று நுரைக்கும். அந்த நுரையைப் பார்த்துத்தான் ‘நல்லா வேலை செய்யுது’ என்று நாம் திருப்தி அடைகிறோம். நுரைப்பது அழுக்கு மட்டுமல்ல. சிமெண்ட் காரத்தன்மை உடையது. அமிலம் அதன் சுண்ணாம்பைக் கரையும் உப்பாக மாற்றித் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் சந்தின் மேல்தோல் ஒரு படலம் உரிகிறது. உரிந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது, சொரசொரப்பாகவும் ஆகிறது. சொரசொரப்பில் அழுக்கு முன்னைவிட விரைவாகப் பிடிக்கும். ஆகவே அடுத்த முறை ஆசிட் சீக்கிரம் தேவைப்படும். மாதம் ஒரு முறை என்றிருந்தது எங்கள் வீட்டில் வாரம் ஒரு முறை ஆயிற்று. எலுமிச்சையும் வினிகரும் புளியும்கூட இதே குணம்தான், மெதுவாகச் செய்யும். பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லது சிமெண்டுக்கு ஆகாது.

இதைச் செய்துகொண்டிருந்தவர் அக்கா. அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதல். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தாலும் டீச்சர்தான். வலக்கையின் மூன்று விரல்நுனிகளில் ரேகை தேய்ந்து போயிருந்தது. ரேஷன் கடையில் விரல் வைத்தால் இயந்திரம் ஏற்கவில்லை என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். கையுறை வாங்கிக் கொடுத்தேன். அது சிங்க்குக்கு அடியில் புதிதாகவே இருந்தது. “அதைப் போட்டா பிரஷ்ஷு வழுக்குது டீச்சர். அழுக்கு போச்சா இல்லையான்னு விரலுக்குத்தானே தெரியும்” என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. சந்தின் சுத்தத்தை அவர் கண்ணால் பார்ப்பதில்லை, தடவித்தான் பார்ப்பார்.

கடந்த ஆண்டு கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின இரவு துர்நாற்றம் வருகிறது என்று என் மாமியார் குளியலறைத் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி விட்டிருந்தார். காலையில் அக்கா வழக்கம்போல் அதன்மேல் ஆசிட்டை ஊற்றினார். பிளீச்சிங் பவுடரும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரு நகரத்துக்கு அருகே ஜெர்மானியப் படை காற்றில் திறந்துவிட்டது அதே வாயுவைத்தான். 6க்கு 5 அடி அறை, ஒரு சின்ன ஜன்னல். அக்கா இருமிக்கொண்டே பின்பக்கம் வந்து துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது, பேச முடியவில்லை. நான் அப்போது பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். மாலைவரை ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். உதவிக்கு வந்த அவருடைய மகள், கைபேசியில் கடைக்காரியிடம் “அம்மா இன்னிக்கு மூணு வீட்டுக்கு வரமாட்டாங்கன்னு சொல்லிடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தது இப்போதும் காதில் இருக்கிறது.

இரண்டு பொட்டலங்களையும் அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் எச்சரிக்கை இருந்தது, கடுகு அளவு எழுத்தில், ஆங்கிலத்தில். இன்னொன்றில் சிட்டையே இல்லை. என் மாமியார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “ரெண்டும் சுத்தம் பண்றதுதானேடி, சேர்ந்தா இன்னும் சுத்தமாகும்னுதானே இருந்தேன்” என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அவரைக் கடிந்துகொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. 30 ஆண்டுகள் மண்டியிட்டுத் தரை துடைத்தவர் அவர். முழங்கால் இரண்டும் போன பிறகுதான் வேறொருவர் துடைப்பதை உட்கார்ந்து பார்க்கும் நிலைக்கு வந்தார். வெண்மை என்பது அவருக்கு வெறும் நிறமில்லை, ஒரு வீட்டின் மானம்.

அக்கா பத்து நாள் கழித்து வந்தார். வந்ததும் குளியலறைக்குத்தான் போனார். ஆசிட் பாட்டில் இல்லாததைக் கண்டு, “எதை வச்சுத் தேய்க்கிறது?” என்றார்.

ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துச் சந்தில் அப்பிக் கால் மணி நேரம் விட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் எண்ணெய் அழுக்கு விடும். பூசணத்துக்கு ஆக்சிஜன் வகை பிளீச் உண்டு. அதுவும் சோடாவின் உறவுக்காரன்தான், அதை வெந்நீரில் கரைத்து ஊறவிட வேண்டும், வேறெதையும் அதோடு சேர்க்கக் கூடாது. இரும்புக் கம்பி பிரஷ் சந்தையும் தின்னும், ஓட்டின் மேல்பூச்சையும் கீறும். எல்லாவற்றையும்விட முக்கியம், குளித்து முடித்ததும் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஜன்னலைத் திறந்துவைப்பது. இதை வீட்டிலுள்ள யாரும் செய்யலாம், இப்போது செய்கிறோம். ஆனால் எங்கள் சந்துகள் அந்த நிலையைத் தாண்டியிருந்தன. பல இடங்களில் நகத்தை வைத்தால் உள்ளே இறங்கியது. ஓட்டுக்கு அடியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்துப் புதிதாக அடைப்பதுதான் வழி என்றார் மேஸ்திரி.

“ரெண்டு மணி நேர வேலை மேடம். கட்டிங் மெஷின் வச்சுப் பையன் ஓட்டிடுவான்.”

பையன் பீகாரிலிருந்து வந்தவன். இருபது வயது இருக்கலாம். தமிழ் புரிந்தது, பேச்சுக்குச் சிரிப்பையே பதிலாகத் தந்தான். வைரத்துகள் பதித்த வட்டத் தகட்டைச் சந்தில் வைத்து ஓடவிட்டதும் ஒரே நிமிடத்தில் அறை வெண்புகையாகி அவன் தெரியாமல் போனான். முகத்தில் கைக்குட்டைகூட இல்லை. மேஸ்திரி கதவைச் சாத்தினார், தூசி கூடத்துக்கு வரக்கூடாதென்று.

ஓடும் மணலும் அறுபடும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத சிலிகாத் துகள்கள் உண்டு. மூக்கில் தங்கும் பெரிய தூசி தும்மலில் வெளியே வந்துவிடும். இந்த நுண்துகள் நுரையீரலின் அடிவரை போய் அங்கேயே தழும்பாகிறது. சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்கு மாற்று இல்லை. வந்த தழும்பு போகாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. கல்வெட்டும் தொழிலாளர்கள் நிறைந்த ராஜஸ்தான் 2019இல் அதற்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. ஆனால் ஒரு வீட்டின் குளியலறை தொழிற்சாலை ஆகாது. இங்கே ஆய்வாளர் வரமாட்டார். கதவைத் திறக்கச் சொல்வதற்கு வீட்டுக்காரரைத் தவிர யாருமில்லை.

நிறுத்தச் சொன்னேன். மேஸ்திரிக்குக் கோபம் இல்லை, வியப்புதான். “மாஸ்க் குடுத்தாலும் போடமாட்டானுங்க மேடம், மூச்சு முட்டுதும்பானுங்க.” கையால் எடுத்தால் எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். இரண்டரை நாள் என்றார். இரண்டரை நாள் கூலி என்றால் ஓட்டலாமா என்றேன். கூலி யாருக்கு, உங்களுக்கா பையனுக்கா என்பதையும் அப்போதே பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சு அவ்வளவு இனிமையாக இல்லை. இங்கே எழுதவும் வேண்டாம்.

அடுத்த நாள் காலை பையன் ஒரு ஆக்சா பிளேடை நடுவில் முறித்து, ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். சந்தை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி அறுத்தால் தூசி பறக்காது, சேறாகத்தான் வரும். அமிலம் தின்ற இடங்கள் காய்ந்த திருநீறு போல் உதிர்ந்தன. மற்ற இடங்களில் பிளேடு வழுக்கி ஓட்டின் விளிம்பில் ஒன்றிரண்டு பற்கள் விழுந்தன. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அக்கா கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தார். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே போய், அவன் கையிலிருந்து பிளேடை வாங்கினார்.

“நிமிர்த்திப் பிடிக்காத தம்பி. சாய்ச்சு, உன் பக்கமா இழு. நடுவுல மொதல்ல ஒரு கோடு போட்டுக்கோ, அப்புறம் ரெண்டு ஓரத்தையும் தட்டி எடு. ஓட்டுக் கனத்துல பாதிக்கு மேல எறங்கணும், இல்லேன்னா புதுசு நிக்காது.”

மேஸ்திரி என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். அதற்கு முன் 11 ஆண்டுகள் சித்தாளாக இருந்தார் என்பது அன்றுதான் பேச்சில் வந்தது. கலவை போடுவது, சுமப்பது, பிறகு ஓடு வேலை பிடித்த ஒரு மேஸ்திரியிடம் சந்து அடைப்பது. சிமெண்ட் கையைத் தின்றுவிட்டது. ஈர சிமெண்டின் காரமும் அதிலுள்ள குரோமிய உப்பும் சிலர் தோலை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். கைப்புண் ஆறாமல்தான் வீட்டு வேலைக்கு வந்திருக்கிறார். வந்த இடத்தில் ஆசிட். “அங்க சுண்ணாம்பு தின்னுச்சு, இங்க திராவகம் தின்னுது. கை ஒண்ணுதானே டீச்சர்” என்றார், ஏதோ கணக்கு ஒப்பிப்பவர் போல.

சந்துக்கு என்ன நிறம் என்பதில் வீட்டில் ஒரு சிறு வழக்கு நடந்தது. மாமியார் வெள்ளை என்றார். மேஸ்திரி சாம்பல் என்றார். வெள்ளைச் சந்து என்பது அதைத் துலக்கப்போகாதவர்கள் எடுக்கும் முடிவு என்பது என் கருத்து; அதை மாமியாரிடம் அப்படியே சொல்ல முடியாது. ஆனால் அவரே சற்று யோசித்துவிட்டு, “தேய்க்கப்போறவளைக் கேளு” என்றார். அக்கா வண்ண அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அழுக்கு என்ன நெறமோ அதையே வாங்கிடுங்க.” மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

தரைக்கு எபாக்ஸி, சுவருக்குச் சிமெண்ட் வகை என்று முடிவாயிற்று. எபாக்ஸி சிமெண்டே அல்ல. பிசினும் அதை இறுக வைக்கும் திரவமும் தூளும் சேர்ந்தது. தண்ணீரும் சோப்பும் அதற்குள் புகுவதில்லை. விலை பல மடங்கு. கலந்துவிட்டால் முக்கால் மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும், வெயில் காலத்தில் அதற்கும் முன்னால். ஓட்டின்மேல் படிந்ததை அப்போதைக்கு அப்போதே துடைக்காவிட்டால் மறுநாள் உளிதான். தோலில் பட்டால் சிலருக்குத் தடிப்பு வரும் என்பதால் கையுறை கட்டாயம். பையன் போட்டுக்கொண்டான். அக்காவும், யாரும் சொல்லாமலே, சிங்க்குக்கு அடியிலிருந்த புதுக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு ஸ்பாஞ்சு பிழிந்து கொடுத்தார். இந்த வேலையில் விரலுக்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை போலும்.

வேலை முடிந்த மாலை, வாளிகளைக் கழுவிக் கவிழ்க்கும்போது அக்கா கேட்டார்: “இனிமே இங்க அரை மணி நேரம் வேலை கொறையும். சம்பளத்துல பிடிப்பீங்களா டீச்சர்?”

அந்தக் கேள்வியை அவர் மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் வைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். குளியலறைக்கு அவர் எவ்வளவு பயந்திருந்தாலும், அந்த அழுக்கில்தான் அவருடைய அரை மணி நேரக் கூலி இருந்தது. பிடிக்கமாட்டோம் என்றேன். மாமியார் உள்ளேயிருந்து, “அந்த அரை மணி நேரம் என்கூட உட்கார்ந்து கீரை ஆயட்டும்” என்றார். அது இரக்கமா, வேலை வாங்குவதா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அக்காவுக்கு அந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. “ஆயலாம்மா” என்றார்.

சுவருக்கு வாங்கிய சாம்பல் நிற மாவில் ஒரு பொட்டலம் பாதி மீந்தது. மேஸ்திரி அதைத் தன் பையில் போடும்போது அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வீட்டு அடுப்புமேடையில் மூன்று வரிசை டைல்ஸ் ஒட்டி, சந்து அடைக்காமலே நான்கு ஆண்டுகளாகக் கிடக்கிறதாம். எறும்பு அதற்குள்ளிருந்துதான் வருகிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பொட்டலத்தில் எழுதியிருந்ததை நான் படித்துச் சொல்லத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கையில உருட்டினா உருளணும், விட்டா ஒட்டக் கூடாது, அவ்வளவுதான்” என்றார்.

திங்கட்கிழமை வந்தபோது நகக்கண்களில் சாம்பல் ஒட்டியிருந்தது. ரப்பர் கட்டை இல்லாததால் பழைய செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி, அதை வைத்து இழுத்தாராம். பேரன் ஸ்பாஞ்சு பிழிந்தானாம். இரண்டு வரிசை நன்றாக வந்துவிட்டது. மூன்றாவதில் ஒரு முழம் பாக்கி, மாவு பத்தவில்லை.

“சுவத்துக்குப் போட்டதுல மேஸ்திரிகிட்ட இன்னும் இருக்குமா டீச்சர்? ஒரு கை இருந்தாப் போதும்.”

மேஸ்திரியின் எண்ணைத் தேடி எடுத்தேன். மூன்றாவது மணிக்கு எடுத்தார். பின்னணியில் கட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.